குதிரைப் பெரட்டு

கலாராணிக்கு வாய் சும்மா இருக்காது. அது நல்லதா கெட்டதா என்று மேட்டு லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளில், இருபது வருஷமாக வழக்கு நடக்கிறது, இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை. குதிரை வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அந்த வாய்தான், போன சனிக்கிழமை அதைக் கெடுக்கப் பார்த்ததும் அதே வாய்தான்.

ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலை மலையின் உச்சியில் ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் போய் எத்தனையோ காலம் பூட்டிக் கிடந்த அதை, யாரோ ஒரு கொழும்பு முதலாளி வாங்கிச் சுண்ணாம்பு அடித்து ஹோட்டல் ஆக்கினார். அதோடு விட்டிருக்கலாம். பங்களா என்றால் குதிரை வேண்டாமா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒரு செவலைக் குதிரையை லொறியில் ஏற்றி அனுப்பினார். பெயர் மேஜர். பெரகல சந்தியில் லொறி திரும்பியபோது கடைக்காரர்கள் வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்களாம்.

மேஜரோடு குதிரைக்காரன் ஒருவனும் வந்தான். நல்ல ஆள்தான், ஆனால் அட்டைக்குப் பயந்தவன். இந்த மலையில் அட்டைக்குப் பயந்தால் கட்டிலை விட்டு இறங்க முடியுமா? பன்னிரண்டாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

ஹோட்டல் மெனேஜர் புஹாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதுளைக்காரர். ஐம்பது பேருக்குப் பிரியாணி போடச் சொன்னால் அசராமல் போடுவார், குதிரை என்றால் மட்டும் பத்தடி தள்ளித்தான் நிற்பார். பசியில் மேஜர் பலகைச் சுவரை உதைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துத் தலையில் கட்டோடு அந்தப் பக்கமாக வந்தாள் கலாராணி. குதிரை கழுத்தை நீட்டிப் புல்கட்டிலிருந்து ஒரு பிடியை உருவியது. அவள் திரும்பி அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏன்டா, கேட்டா குடுக்க மாட்டேனா? களவாணிப் பய!"

மேஜர் காதை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றது. பத்தடிக்கு அப்பாலிருந்து புஹாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வாறீங்களா தங்கச்சி?" என்றார்.

அப்படி வந்த வேலை மூன்று வாரமாகத் தற்காலிகமாகவே ஓடியது. தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, பின்பக்கம் போகாமல் பக்கவாட்டில் நிற்பது எல்லாம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. இருபது வருஷம் கொழுந்து பறித்த முழங்காலுக்கு இந்த வேலை சொர்க்கம். ஆனால் அவளைப் பிடித்து வைத்தது அது மட்டுமில்லை. காலையில் அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே மேஜர் கனைக்கும். அவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க மலையில் கங்காணி முதல் துரை வரை ஆள் இருந்தார்கள். அவள் வந்ததற்காகச் சந்தோஷப்பட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. அந்தக் கனைப்பை விட்டுவிட்டு மறுபடி கொழுந்துக்கூடையை மாட்ட வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு திங்கட்கிழமை புஹாரி அவளைக் கூப்பிட்டார். வழக்கம்போல் தள்ளி நின்றுகொண்டுதான்.

"ஒங்கள நிரந்தரமாக்க முதலாளிக்கு விருப்பம்தான். ஆனா ஒரு விசயம் இருக்கு. சனிக்கிழமை வாற விருந்தாளிகளுக்குக் குதிரைன்னா என்ன, அதுல என்னென்ன இனம் இருக்குன்னு அரை மணித்தியாலம் பேசணும். ஓடிப்போன நுவரெலியா ஆள் இருந்தாப் பேசியிருப்பான். அன்னைக்கு மிருக வைத்தியரும் வாறார். குதிரையையும் பாப்பார், குதிரை பாக்குற ஆளையும் பாப்பார். அவர் சரின்னு கையெழுத்து வச்சாத்தான் வேலைக் கடிதம். இல்லாட்டி திங்கக்கிழமை நுவரெலியால இருந்து வேற ஆள் வருது."

"பேசணும், அவ்வளவுதானே சேர்?" வாய் முந்திக்கொண்டது. "அதெல்லாம் பேசிறலாம்."

பேசலாம். எதைப் பேசுவது? புஹாரியின் மகள் இஸ்ரா உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அந்தப் பிள்ளை புண்ணியத்தில் படத்தோடு ஒரு தாள் வந்து சேர்ந்தது. ஆறு படம், ஆறு இனம். அரேபியன், தரோபிரெட், ஷயர், மார்வாரி, லிப்பிசானர், ஷெட்லண்ட். கலாராணி அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். ஆனால் வாசித்த பெயர் அடுப்படிக்குப் போய் வருவதற்குள் காணாமல் போனது. லிப்பிசானரை லிப்டன் என்றாள். ஷயரும் ஷெட்லண்டும் இடம் மாறி மாறி உட்கார்ந்தன. செவ்வாய்க்கிழமை மாட்டிடம் சொல்லிப் பார்த்தாள், மாடு சாணி போட்டது. புதன்கிழமையும் அதே கதைதான்.

வியாழன் காலை பெரட்டுக் களத்தைத் தாண்டிப் போகும்போதுதான் அந்த யோசனை வந்தது. பெரட்டு என்றால் தெரியுமல்லவா, விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, உனக்கு அந்த மலை, உனக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்புவது. கங்காணி வெறும் பெயரை மட்டும் கூப்பிட மாட்டார், ஒவ்வொரு பெயரோடும் ஒரு நக்கலும் ஒட்டிக்கொண்டு வரும். இருபது வருஷம் கேட்டதில் அறுபத்து நாலு பெயரும் வரிசை பிசகாமல் கலாராணிக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படியானால் இந்த ஆறு குதிரையையும் பெரட்டில் நிறுத்தினால் என்ன?

தாளை விரித்து வைத்துக்கொண்டு ஆள் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்ததுமே ஒவ்வொன்றும் லயத்தில் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனது. சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. வெள்ளி இரவுக்குள் ஆறும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. ஆட்களின் பெயரை மனசுக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொள்வது, வாயில் குதிரையின் பெயர் மட்டும் வருவது என்பது ஏற்பாடு. கேட்கப்போவது யாரோ வெளியூர் விருந்தாளிகள், நமக்கென்ன?

அங்கேதான் கணக்குத் தப்பியது. ஆட்டோக்கார நிமலனுக்கு விஷயம் தெரிந்தால் பெரகல வரைக்கும் தெரிந்த மாதிரி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மேட்டு லயத்தில் பாதிப்பேர் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு பங்களா வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். முன்வரிசையில், வேலிக்கம்பைப் பிடித்தபடி, பக்கத்து வீட்டுக் கருப்பம்மா. கலாராணியைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

"பயப்படாம பேசுடி கலா! நாங்க இருக்கோம்!"

நீங்க இருக்கிறதுதான் பயமே என்று கலாராணி நினைத்துக்கொண்டாள்.

புல்தரையில் நாற்காலி போட்டிருந்தது. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், வெள்ளைக்காரர் நாலைந்து பேர், ஓரத்தில் மிருக வைத்தியர் ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், இந்தப் பகுதிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாடு சினையாகிவிட்டது என்று சொல்லும்போதுகூட முகத்தில் மாற்றம் காட்டாதவர். முதலில் மேஜரின் பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார்.

"குளம்பு ஆர் துப்புரவாக்கிறது?"

"நான்தாங்க ஐயா."

"ம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க இன்னொரு டாக்டர் வர வேண்டும்.

புஹாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல ஆயத்தமாக நின்றார். கலாராணி குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாய் வேலைநிறுத்தம் செய்தது. தாளும் மறந்து போனது, படமும் மறந்து போனது. வேலியில் நிற்கிற முகங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. வேலை போச்சு என்று நினைத்தாள். மேஜர் அவள் தோளில் மூக்கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது.

தள்ளியதில் பெரட்டுக் குரல் வெளியே வந்துவிட்டது.

"துஷாந்தினி!" என்று கங்காணி மாதிரியே கத்தினாள்.

"வந்துருக்கேன்!" என்றாள் வேலியில் நின்ற துஷாந்தினி, பழக்கதோஷத்தில். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்.

இனித் திரும்ப வழியில்லை. "அரேபியன் குதிரைன்னா நம்ம துஷாந்தினி மாதிரிங்க. சின்ன முகம், மூக்குக்கிட்ட லேசா குழி, பெரிய கண்ணு. நடக்குறப்ப வாலத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கும். பாத்தா மினுக்குற மாதிரி இருக்கும், ஆனா நாள் பூராவும் பாலைவனத்துல ஓடச் சொன்னாலும் களைக்காது. ஒலகத்துல பாதிக் குதிரைக்கு இதோட ரத்தம் இருக்காம்."

புஹாரி ஒரு கணம் விழித்தார். பிறகு பெயரையும் சேர்த்தே மொழிபெயர்த்தார், விரலால் ஆளையும் காட்டினார். வெள்ளைக்காரர்கள் துஷாந்தினியைப் பார்த்துக் கைதட்டினார்கள். துஷாந்தினி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், கோபமா பெருமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நிமலன்! இது தரோபிரெட். பந்தயக் குதிரை, மேஜரும் இந்த இனந்தான். அந்தக் காலத்துல கெழக்க இருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு போன மூணு ஆண் குதிரையோட வம்சம். வேகம்னா வேகம். எங்க போறோம்னு தெரியாட்டியும் அவசரமாத்தான் போகும். ஆனா ஒரு ஷொப்பிங் பேக் காத்துல பறந்தாப் போதும், வெடவெடன்னு நடுங்கி ரோட்ட விட்டு எறங்கிரும். ஹல்துமுல்லை வளைவுல நிமலன் ஆட்டோவுல ஏறுனவங்க எல்லாத்துக்கும் இது தெரியும்."

வேலி சிரிப்பில் குலுங்கியது. நிமலன் மட்டும், "அன்னைக்குப் பிரேக் இல்ல!" என்று கத்தினான்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆலையில் தேயிலை மூட்டை ஏற்றுகிற வீரசிங்கத்தைக் கூப்பிட்டு ஷயர் ஆக்கினாள்: இங்கிலாந்தின் ராட்சசக் குதிரை, கணுக்காலில் கொத்துக் கொத்தாக மயிர், ரெண்டு லொறிச் சுமையைத் தனியாக இழுக்கும், ஆனால் குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் கோபப்படாது. வீரசிங்கம் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். ராஜஸ்தான் மார்வாரிக்குக் காது ரெண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி முட்டும், எந்தப் பக்கத்துச் சத்தமும் தப்பாது என்றாள். யார் என்று சொல்வதற்குள் கூட்டமே, "கணக்கப்புள்ள!" என்று கூவியது. அந்த ஆறு பேரில் அன்றைக்கு அங்கே இல்லாத ஒரே ஆள் கணக்கப்பிள்ளை விஜேந்திரன்தான். திங்கட்கிழமைக்குள் அவர் காதுக்கும் போய்விடும், அந்தக் காது அப்படி. லிப்பிசானர் பிறக்கும்போது கறுப்பு, வயசாக ஆகத்தான் வெள்ளையாகும், பின்னங்காலில் எழும்பி நடனம் ஆடும் என்றதும், நரைத்த தலைப் பூசாரி தானாகவே முன்னால் வந்து ஒரு சுற்று ஆடிக் காட்டிவிட்டார். கொழும்புக் குடும்பத்தின் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வைத்தியர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த படிவத்தில் பேனாவால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து முடிந்தது. ஆறாவதைக் கலாராணி வேலிப் பக்கம் பார்க்காமல் அவசரமாகச் சொன்னாள். ஷெட்லண்ட்.

"கடைசியா ஒரு இனம்ங்க. ஷெட்லண்ட். குளிர் தேசம். ரொம்பக் குட்டையா இருக்கும். அவ்வளவுதான், எல்லாருக்கும் நன்றிங்க..."

"நில்லுடி!" கருப்பம்மா வேலிக்கம்பை ஆட்டினாள். "எல்லாத்துக்கும் பேர் சொன்ன. இந்தக் குட்டைக்குப் பேரு என்னா?"

லயத்தில் கருப்பம்மாவை விடக் குட்டையான பெரிய ஆள் ஒருவரும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும், அதை அவள் முகத்துக்கு நேரே சொன்ன ஆளும் இல்லை.  கலாராணி ஆண்டவனே என்று மேஜரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அக்கா."

"நானா? சொல்லு, சொல்லு. மிச்சத்தையும் சொல்லு."

"குட்டைன்னாலும் அதோட ஒடம்புக்கு அதுமாதிரி பலம் வேற எந்தக் குதிரைக்கும் இல்லியாம். கொஞ்சமாத் தின்னுட்டு நெறைய வேல செய்யும். அந்தக் காலத்துல நெலக்கரிச் சுரங்கத்துக்குள்ள வண்டி இழுத்துச்சாம், வெளிச்சமே இல்லாம. குளிரு, காத்து எதுக்கும் அசராது." கலாராணி ஒரு அடி பின்னால் வைத்தாள். "சீண்டுனா கடிக்கும்."

கருப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தாள். நேரே வந்து கலாராணிக்கு முன்னால் நின்றாள், தலை அவள் தோளுக்குத்தான் வந்தது. புஹாரி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, குதிரை, கருப்பம்மா இரண்டிலிருந்தும் இன்னும் இரண்டடி பின்வாங்கினார்.

"சரி, நான் கடிக்கிற குதிரை. ஒத்துக்குறேன்" என்றாள் கருப்பம்மா. "நீ எந்தக் குதிரைடி? ஊருக்கெல்லாம் பேரு வச்சியே, ஒன்னப் பெரட்டுல காணமே?"

கலாராணி அதை யோசித்திருக்கவே இல்லை. ஆறு குதிரையையும் மனசில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். எதிலும் அவள் நிற்கவில்லை. மூன்று நாளாக எல்லோரையும் பார்த்துச் சிரித்தவளுக்குத் திடீரென்று வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் வைத்தியர் எழுந்தார்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமோ? நீங்கள் சொன்ன ஆறிலை ஒண்டும் எங்கட நாட்டுக் குதிரை இல்லை. நெடுந்தீவுக் குதிரையைப் பற்றித் தெரியுமோ?"

புஹாரியின் முகம் தொங்கியது. தாளில் அப்படி ஒரு படம் இல்லை. சமாளித்துவிடலாமா என்று கலாராணியின் வாய் துடித்தது, ஏதாவது அடித்துவிட அதற்கு நிமிஷம் ஆகாது. ஆனால் குதிரை விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. 

"தெரியாதுங்க ஐயா." ஒரு எட்டு முன்னால் வந்து, "நீங்க சொல்லுங்க. எப்புடி இருக்கும் அது?" என்றாள்.

வைத்தியர் அதை எதிர்பார்க்கவில்லை. படிவத்தை நாற்காலியில் வைத்தார். "நான் அந்தத் தீவிலைதான் பிறந்தனான். சின்னக் குதிரையள். போர்த்துக்கீசரும் பிறகு ஒல்லாந்தரும் தங்கட வேலைக்கெண்டு கடலாலை கொண்டு வந்தவை. வேலை முடியத் தாங்கள் கப்பல் ஏறிப் போட்டினம். குதிரையள் அங்கையே நிண்டிட்டுது."

"கூட்டிட்டுப் போகலியா?"

"இல்லை."

"யாரும் வந்து பாக்கக்கூட இல்லியா? தீனி?"

"ஆர் போடுறது? காய்ஞ்ச நிலம், கல்லு. கோடையிலை குடிக்கத் தண்ணி இராது. நிறையச் செத்துப் போகும். ஆனா இண்டைக்கும் நூற்றுக்கணக்கிலை நிக்குது. அங்கையே பிறந்து அங்கையே குட்டி போட்டு, இப்ப அதுதான் அதுகளின்ரை ஊர்."

கலாராணி மேஜரின் நெற்றியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே சரிவில் தேயிலை தெரிந்தது, அதற்குக் கீழே லயத்துத் தகரங்கள் தெரிந்தன.

"ஐயா, அது நாங்கதாங்க" என்றாள். "எங்களையும் அப்புடித்தானே கடல் தாண்டிக் கூட்டியாந்தாங்க. வேல முடிஞ்சிச்சு, தொரைமாரு போய்ட்டாங்க. நாங்க இங்கேயே நிக்கிறோம். அக்கா, ஒங்க கேள்விக்குப் பதில் கெடச்சிருச்சு. நான் நெடுந்தீவுக் குதிரை."

வேலியில் யாரும் சிரிக்கவில்லை. வீரசிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, என்ன சொன்னாள் என்று புஹாரியைக் கேட்டாள். அவர் இங்கிலீஷில் ஏதோ தொடங்கினார், பாதியில் நிறுத்தினார், கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார்.

வைத்தியர் படிவத்தை எடுத்தார். நெடுநேரம் எழுதினார்.

"குதிரைக்குப் பொறுப்பான ஆள் எண்டு ஒரு இடம் கிடக்கு. முழுப்பேரைச் சொல்லுங்கோ பிள்ளை."

"கலாராணிங்க. மாரிமுத்து கலாராணி."

எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புஹாரியிடம் நீட்டினார். "தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லிற ஆளிட்டைதான் மிருகத்தைக் குடுக்கலாம். மற்ற ஆக்கள் சாகடிச்சுப் போடுவினம்" என்றார். புஹாரி அதைப் படித்தார், இரண்டாவது தடவையும் படித்தார், பிறகு சந்தோஷத்தில் மறந்துபோய் மேஜருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். கலாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை வரவில்லை. ஒரு கையில் கயிறு, மறு கையைக் கருப்பம்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி," என்றாள் கருப்பம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் குளிர் தேசத்துக் கடியன் எனக்கு வேணாம். என்னையும் ஒங்கூட நெடுந்தீவுலயே போடு."

"போட்டாப் போச்சு" என்றாள் கலாராணி. "அதுவும் குட்டைதானாம் அக்கா."